திரும்பப் பெறப்பட்ட கதைகள்

செயற்கைப் பல் செய்யும் அந்த லேப்பில் மொத்தம் ஐந்து பேர். பல் மருத்துவர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சுகளை டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். அதில் மாவுக் கலவை ஊற்றி, இறுகியதும் மெழுகால் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக அடுக்கிக் கொடுக்க வேண்டும். ஐந்து பேரில் முழுப் பல் செட் கட்டுகிறவள் அவள். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இருபது வருட அனுபவம். அதனால் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. காலையில் அவள் உள்ளே நுழைந்ததும், பீங்கான் பல் செய்கிற பெரியவர், "பல்லக்கு வருது, தூக்க ஆள் இருக்காப்பா?" என்று கேட்பார். தினமும் அதே ஜோக். அவளும் தினமும் சிரித்துவிட்டுத்தான் ஏப்ரனை மாட்டுவாள்.

அவள் கதை எழுதுவது லேப்பில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் தங்கை மட்டும்தான்.

பென்சிலால் கோடு போட்ட நோட்டில் எழுதுவாள். எழுதி முடித்ததும் தங்கையிடம் கொடுப்பாள். தங்கை ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்ட். அவள்தான் அக்கா பெயரில் ஒரு மெயில் ஆரம்பித்து, கதையை டைப் செய்து, ஓர் இணைய இதழுக்கு அனுப்பிவைப்பாள். பதில் வந்தால் போனிலேயே வாசித்துக் காட்டுவாள். மூன்று வருடத்தில் ஏழு கதைகள் போயின. ஏழுக்கும் ஒரே பதில்தான். வருந்துகிறோம்.

அப்படிப் பதில் வருகிற வாரமெல்லாம் தங்கை ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்துவிடுவாள். கையில் அக்காவுக்குப் பிடித்த பிஸ்கட் பாக்கெட் இருக்கும். "அவங்க கெடக்கறாங்கக்கா. நாலு பேரு சேர்ந்துக்கிட்டு அவங்களுக்குள்ளேயே எழுதிக்கறாங்க. உன்னை மாதிரி ஆளுக்கெல்லாம் அங்க இடம் கிடைக்குமா?" என்று முதுகைத் தடவிக் கொடுப்பாள். அக்காவுக்கு அழுகை வந்துவிடும். இப்படி ஒரு தங்கை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றும் தோன்றும்.

எல்லாப் பதில்களையும்விட இரண்டு பதில்கள் அவளை ஆட்டிவிட்டன. 'நடை தட்டையாக இருக்கிறது' என்றது ஒன்று. 'கதையில் உயிர் இல்லை' என்றது இன்னொன்று. அதற்குப் பிறகு எதை எழுதினாலும் அந்த 'தட்டை' வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பாதி எழுதி வைத்திருந்த ஒரு நோட்டைக் கிழித்தே போட்டாள். ஏறக்குறைய ஒரு வருடம் பென்சிலைத் தொடவில்லை.

மறுபடி எழுதியது எட்டாவது கதை. தங்கை அதை வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இதை அனுப்ப வேணாம்க்கா. இன்னும் தட்டையாத்தான் இருக்கு."

அக்கா சரியென்று நோட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஆனால் மறுநாள் மதிய இடைவேளையில் அந்த இதழைப் போனில் புரட்டிக்கொண்டிருந்தபோது பீங்கான் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டார். விஷயத்தை மெல்ல மெல்லக் கறந்தும்விட்டார்.

"எழுதறது நீங்க, அனுப்பறதுக்குத் தனியா ஒரு ஆளா? கொடுங்க போனை."

அங்கேயே அவளுக்குப் புதிதாக ஒரு மெயில் திறந்து கொடுத்தார். டைப் அடிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, வாயால் சொன்னாலே போன் எழுதிக்கொள்ளும் என்று காட்டினார். அவள் மாவு கலக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன் கதையைப் போனுக்கு வாசித்தாள். 'மெழுகு' என்று அவள் சொன்ன இடமெல்லாம் அது 'முழுகு' என்று எழுதியது. நாலு நாள் மதியம் உட்கார்ந்து ஒற்றை விரலால் திருத்தினாள். ஐந்தாம் நாள் அனுப்பினாள். தங்கையிடம் சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டால் திடீரென்று சொல்லி அசத்தலாம் என்று இருந்தாள்.

எட்டாம் நாள் பதில் வந்தது.

'வணக்கம். உங்கள் கதை பிடித்திருக்கிறது. அதுதான் எங்கள் சங்கடம். இதற்கு முன் உங்களுடைய மூன்று கதைகளை ஏற்றுக்கொண்டோம். மூன்றையும் வெளியாவதற்கு ஓரிரு நாள் முன்பு திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள். ஒன்றுக்கு ஓவியமே வரைந்து முடித்திருந்தோம். இனி உங்கள் படைப்புகளைப் பரிசீலிக்க இயலாது என்று சென்ற முறையே எழுதியிருந்தோம். புதிய முகவரியிலிருந்து அனுப்பினாலும் பெயர் அதே பெயர்தானே. ஆசிரியர்.'

அவள் இரண்டு தரம் படித்தாள். வேறு யாருக்கோ போக வேண்டியது தனக்கு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். 'அது நான் இல்லை. என் கதை எதையும் நீங்கள் ஏற்றதே இல்லை' என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பினாள். ஆசிரியர் பொறுமையான மனிதர் போலிருக்கிறது. பழைய கடிதங்கள் அத்தனையையும் அப்படியே அனுப்பி வைத்தார்.

எல்லாம் அவள் பெயரில்தான் இருந்தன. 'உங்கள் கதையை மகிழ்ச்சியுடன் ஏற்கிறோம்' என்று அவர் எழுதியது. கீழே, 'குடும்பச் சூழ்நிலை காரணமாகக் கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மண்ணிக்கவும்' என்று இவள் எழுதியதாக ஒரு பதில்.

மண்ணிக்கவும்.

தங்கைக்கு இரண்டு சுழிக்கும் மூன்று சுழிக்கும் சின்ன வயதிலிருந்தே தகராறு. வீட்டுப் பாடத்தில் 'கன்னாடி' என்று எழுதிவைப்பாள். அக்கா தலையில் குட்டித் திருத்துவாள். முப்பத்தாறு வயதாகியும் அது மாறவில்லை. அக்கா கடிதங்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். ஏழு கதைகளில் நான்கை அவர்கள் நிஜமாகவே வேண்டாம் என்றிருந்தார்கள். அவற்றிலும் சரி, மற்ற மூன்றிலும் சரி, 'தட்டை' என்ற சொல்லோ 'உயிர் இல்லை' என்ற சொல்லோ எங்கேயும் இல்லை.

"என்னம்மா, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?" என்றார் பெரியவர்.

"ஒண்ணுமில்லைங்க. தலைவலி."

அன்று அவள் அடுக்கிய கீழ்வரிசையில் ஒரு பல் கோணலாக நின்றது. இருபது வருடத்தில் முதல் தடவை பெரியவர் அதைப் பிடுங்கித் தானே வைத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை மதியம் தங்கை வீட்டுக்குப் போனாள். மூன்றாம் மாடி. தங்கையின் மாமியார் ஹாலில் துணி மடித்துக்கொண்டே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "வாம்மா, இளைச்சிட்டியே" என்றார். தங்கை பின்பக்க பால்கனியில் இருந்தாள். வாஷிங் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தப் போனவளை அக்கா தடுத்தாள்.

"ஓடட்டும். நாம பேசறது உள்ள கேக்க வேணாம்."

போனை நீட்டினாள். தங்கை முதல் வரியை மட்டும்தான் படித்தாள்.

"யாருக்கா இதை உனக்குக் கொடுத்தாங்க?"

இது என்ன என்று அவள் கேட்கவில்லை. அக்காவுக்குள் அதுவரை மிச்சமிருந்த சின்ன நம்பிக்கையும் அத்தோடு விட்டுப்போனது.

"ஏன்டி?"

தங்கை மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முதல்ல அம்மா கதை. அவங்க ஏத்துக்கிட்டோம்னு சொன்னதும் எனக்குப் பயமாயிடுச்சு. இந்த வீட்டுல அம்மா செத்துட்டாங்கன்னுதானே சொல்லி வச்சிருக்கோம்? பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு நீயும்தானே கூட உட்கார்ந்து சொன்ன?"

"நீ நல்லா இருக்கணும்னு சொன்னேன். கதையில ஒரு அடையாளம் இருக்கா? எல்லாத்தையும் மாத்தித்தானே எழுதினேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள் தங்கை. "அம்மா வீட்டை விட்டுப் போன அன்னைக்கு அவங்க பையை பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிட்டுப் போனது நான்னு உங்கிட்ட மட்டும்தானே சொன்னேன்? என் புருஷனுக்குக்கூடத் தெரியாது. நீ அதைக் கதையா எழுதி, எங்கிட்டயே டைப் பண்ணக் கொடுத்த. 'ஒன்றும் தெரியாமல் சின்னவள் டாட்டா காட்டினாள்'னு என் கையாலேயே அடிச்சேன்க்கா."

அம்மா போனபோது அக்காவுக்குப் பதினாறு வயது, தங்கைக்கு எட்டு. அந்தக் கதையை எழுதும்போது தங்கையின் பாரத்தில் பாதியைத் தான் இறக்கிவைப்பதாகத்தான் நினைத்திருந்தாள். எழுதட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

"அது தப்புதான்" என்றாள். "ஆனா நீ வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே கிழிச்சுப் போட்டிருப்பேன்."

"சொல்ல வாய் வரல."

"சரி, அது போகட்டும். மத்த ரெண்டு கதை? கண்டக்டர் கதையில நீ எங்க வந்த?"

அது, முன்பல் விழுந்துபோனதால் விசில் அடிக்க முடியாமல் போன ஒரு பஸ் கண்டக்டர் பல் செட் கட்ட வருகிற கதை. கட்டி மாட்டியதும் லேப் வாசலில் நின்று ஊரே திரும்பிப் பார்க்க ஒரு விசில் அடிப்பார். அதில் அம்மாவும் இல்லை, தங்கையும் இல்லை.

தங்கை ஈரத் துணி ஒன்றை எடுத்துப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த துணி அது.

"அந்த ரெண்டும் பயம் இல்லக்கா. பொறாமை. நான் காலேஜ் முடிச்சேன், நீ பத்தாவதோட நின்ன. தினமும் ஊர்ப்பட்ட லெட்டர் அடிக்கிறேன். எல்லாத்துக்கும் அடியில ஹெட்மாஸ்டர் பேருதான். நீ பென்சில்ல கிறுக்கினதுக்கு ஒருத்தர் படம் வரைஞ்சு வச்சிருக்கேன்னு எழுதறாரு. அன்னைக்கு என்னமோ தாங்கல."

"உன்னைப் படிக்க வைக்கத்தான்டி நான் பத்தாவதோட நின்னேன்."

இத்தனை வருடத்தில் இதை அவள் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. சொன்னதும் தனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"'தட்டை'ன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"'உயிர் இல்லை'ன்னு?"

"அதுவும் நான்தான். நீயா விட்டுட்டா நல்லதுன்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் இப்படிச் செய்ய எனக்கும் பயமா இருந்துச்சு."

அக்கா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கதைகளைத் திரும்பப் பெற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த இரண்டு வார்த்தைகளைப் பொறுக்க முடியவில்லை. அவற்றை யாரோ படித்த மனிதர், முகம் தெரியாதவர், நியாயமாகச் சொன்னது என்று நம்பி அவள் தன்னையே சந்தேகப்பட்டிருக்கிறாள்.

"ஒரு நோட்டு முழுக்கக் கிழிச்சேன்டி நான். நீ பக்கத்துலதான் உட்கார்ந்திருந்த. குப்பைக் கவரை விரிச்சுப் பிடிச்சதே நீதான்."

தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள் அழுதால் சின்ன வயதிலிருந்தே அக்காவின் கை தானாக அவள் தலைக்குப் போகும். இப்போதும் பாதி தூரம் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

மெஷின் ஓய்ந்தது. சட்டென்று வீடு அமைதியானது. உள்ளிருந்து மாமியார், "என்னம்மா, அக்காளும் தங்கச்சியும் அங்க என்ன ரகசியம்?" என்றார். பிறகு டிவியிடம் சொல்வதுபோல, "தாயில்லாப் புள்ளைங்க. மனசு விட்டுப் பேசட்டும்" என்றார்.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் அப்பட்டமான பயம். அக்கா நினைத்தால் இப்போதே ஹாலுக்குப் போய் ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடலாம். அது இருவருக்கும் தெரிந்திருந்தது. அக்கா உள்ளே போய், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, மடிக்காமல் கிடந்த ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள்.

"ஒண்ணுமில்லைங்கம்மா. பழைய கதை."

கிளம்பும்போது தங்கை மாடிப்படி வரை வந்தாள். "அம்மா கதையை நான் இனிமே யாருக்கும் அனுப்பமாட்டேன்" என்றாள் அக்கா. "அது உன்னுது. மத்ததை அனுப்புவேன். அந்தப் பழைய மெயிலோட பாஸ்வேர்டை எழுதிக் கொடு." தங்கை ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். அக்காவின் பிறந்த தேதிதான் பாஸ்வேர்ட்.

அன்று மாலை அவள் ஆசிரியருக்கு எழுதினாள். பழைய கடிதங்கள் தன் வீட்டு ஆள் ஒருவர் தனக்குத் தெரியாமல் எழுதியவை என்றும், நம்புவதும் நம்பாததும் அவர் விருப்பம் என்றும், கண்டக்டர் கதை இன்னும் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம் என்றும் எழுதினாள். வீட்டு ஆள் யாரென்று சொல்லவில்லை. பத்து நாள் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. 'வரும் வெள்ளிக்கிழமை வெளியாகிறது. ஓவியத்தை அழிக்காமல்தான் வைத்திருந்தோம்.'

வெள்ளிக்கிழமை லேப்பே திருவிழாவானது. பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதையைச் சத்தமாக வாசித்தார். விசில் வரும் இடத்தில் டிரில் மெஷின்காரர் நிஜமாகவே விசிலடித்தார். முதலாளி வந்து, "லேப் பேரையும் ஒரு ஓரத்துல போட்டிருக்கலாமே" என்று குறைபட்டுக்கொண்டார். முன்பின் தெரியாத பதினொரு பேர் கதைக்கு அடியில் கருத்து எழுதியிருந்தார்கள். ஒருவர், தன் அப்பாவின் பல் செட்டை இன்னும் தூக்கிப் போடவில்லை என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்ததும் அவள் கை தன்னிச்சையாகத் தங்கையின் எண்ணைத் தேடியது. நல்லதோ கெட்டதோ, முதலில் அவளிடம் சொல்லியே பழகிய கை. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். இத்தனை வருடம் காத்திருந்த நாள் இப்படி ஓட்டையாக வந்து சேரும் என்று அவள் நினைத்ததில்லை.

உறவு அறுந்துபோகவில்லை. தங்கை ஒரு மாதம் வராமல் இருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வந்தாள். பரீட்சை, காய்ச்சல், வீட்டுக்காரரின் டிரான்ஸ்பர் என்று பேச்சு வழக்கம்போல ஓடியது. போகும் நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே, தங்கை தயங்கிக் கேட்டாள்.

"வேற ஏதாவது எழுதறியாக்கா? நான் வேணா டைப் பண்ணி..."

"இல்லடி. இப்பல்லாம் எழுதறதே இல்ல. நேரம் எங்க இருக்கு?"

தங்கை தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். அன்று காலைதான் புதிய கதையை இதழுக்கு அனுப்பியிருந்தாள் அக்கா. தங்கையிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. அது அத்தனை சுலபமாக வாயில் வந்ததை நினைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.