பன்னிரண்டு நிமிடப் படமும் ஒன்பது நிமிட ஆசியுரையும்

"சுயாதீன ஊடகரை நாங்கள் வளர்த்தெடுக்கிறோம்" என்று சோமசேகரம் மேடைக்கு மேடை முழங்குவார். அவர் தலைவராக இருக்கும் ஊடகர் வட்டம் நான்கு வருடத்தில் வளர்த்தெடுத்தது அவருடைய தலைக்கனத்தை மட்டும்தான் என்பது ஆவணப்படம் எடுக்கும் ஜெசிதாவின் அபிப்பிராயம். ஆனால் மண்டபத்தையும் புரொஜெக்டரையும் வேறு யார் சும்மா தருவார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு உறுப்பினராக இருந்தாள்.

அவளுடைய படம் பன்னிரண்டு நிமிடம். குருநகர் மரியநாயகியின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் பத்து வருடமாகிறது. ஊரோ அவன் வேறொருத்தியோடு இந்தியாவுக்கு ஓடிவிட்டான் என்றே கதைத்தது. மரியநாயகி வாய் திறந்து உண்மையைச் சொன்னது இந்தப் படத்தில்தான். அவளைப் பேசவைக்க ஜெசிதாவுக்கு ஏழு மாதம் பிடித்தது. திரையிடலுக்கு மரியநாயகி அயலட்டைப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

படத்தை ஒரு கிழமைக்கு முன்பே வட்டத்திடம் ஒப்படைக்கவேண்டும் என்பது விதி. கோயில் மலரென்றாலும் பள்ளிக்கூட மலரென்றாலும் பாதிப் பக்கம் ஆசியுரைக்குப் போகிற ஊர் இது. சோமசேகரம் அந்தப் புத்தியைப் படத்துக்குள்ளும் புகுத்தினார்.

திரையில் முதலில் அவரே வந்து ஆசி வழங்கினார். பிறகு உபதலைவர், செயலாளர், பிரதம விருந்தினர். ஒன்பது நிமிடம்! பிறகு கொஞ்சம் கடல், ஒரு வள்ளம், நன்றி. படம் முடிந்துவிட்டது. சபை கை தட்டியது.

"பிள்ளை, நான் எப்ப வாறன்?" என்று மரியநாயகி மெதுவாகக் கேட்டாள்.

ஜெசிதாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே சோமசேகரத்திடம் போனாள்.

"மரியநாயகியக்கா எங்கை சேர்?"

"அந்த மனிசி அழுதழுது இழுத்துக் கதைக்கிறா, பிள்ளை. உமக்குத் தந்தது பன்னிரண்டு நிமிசம். பெரிய ஆக்களின்ரை ஆசியுரையிலை கை வைக்கேலுமே?"

இந்த மனிதரிடமா நான் இவ்வளவு காலமும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது. புரொஜெக்டர் வயரைப் பிடுங்கி, முழுப் படமும் இருந்த தன் மடிக்கணினியில் செருகினாள். சோமசேகரம் பாய்ந்து வந்து குறுக்கே நின்றார்.

"உம்மை வட்டத்தாலை நீக்கிப்போடுவன்!"

"நீக்குங்கோ சேர். இப்ப தலையைக் கொஞ்சம் விலத்துங்கோ, திரையை மறைக்குது."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் விலகினார்.

"என்ரை மனிசன் ஓடேல்லை" என்றது திரையில் மரியநாயகியின் குரல்.

மரியநாயகி திரையைப் பார்க்கவில்லை. தன்னோடு வந்த பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.