வேர் பிடித்த இரண்டு பற்கள்

லிந்துலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மீனம்மாவுக்குக் கட்டிய இரண்டு பற்களும் 2004ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் வேர்விட்டன. அந்த மாதம் மழை கொஞ்சம் அதிகம். மற்றபடி விசேஷம் எதுவும் இல்லை.

பல் கட்டும் யோசனை மகள் தனுஷிகாவுடையது. வெள்ளவத்தைத் துணிக்கடையில் வேலை கிடைத்து, அங்கேயே ஒரு அறையும் பிடித்துவிட்டு அம்மாவைக் கூட்டிப்போக வந்திருந்தாள். கீழ்வரிசையில் முன்பல் இரண்டு இல்லாத மீனம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "இந்தப் பொக்க வாயோட கொழும்புல எப்புடிடி நாலு பேருகிட்ட பேசுறது?" என்றாள். ஹட்டனில் துரைராசா என்ற யாழ்ப்பாணத்துப் பல் வைத்தியர் தாடை எலும்பில் திருகாணி முடுக்கி அதன்மேல் பல் வைக்கிறார் என்றார்கள். அவரிடம் போனார்கள். அவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "வெத்திலையை விட்டால்தான் அம்மா இது நிக்கும். எலும்பு இறுக்கிப் பிடிக்கிற வரைக்கும் அவசரப்படக் கூடாது" என்றார்.

முப்பது வருட வெற்றிலையை மீனம்மா அன்றே விட்டாள். ஈறு சுத்தமாக்கி, மெலிந்த தாடையில் எலும்புத்தூள் வைத்து, ஐந்து மாதம் ஆறவிட்டுத் திருகாணிகளை முடுக்கினார்கள். பிறகு நான்கு மாதம் கஞ்சி. பல்லை மாட்டிய அன்று அவள் பேரிக்காய் ஒன்றைக் கடித்துத் தின்றுவிட்டு அழுதாள்.

சரிபார்க்க எடுத்த படத்தில் திருகாணிகளின் அடியில் தேயிலை நாற்றுக்கு இருப்பதுபோல மெல்லிய வேர்கள் தெரிந்தன. அடுத்த படத்தில் வேர்களின் நுனி படத்துக்குள் அகப்படவில்லை. "நோகுதோ?" என்றார் வைத்தியர். இல்லையென்றாள். கழற்றினால் தாடையும் சேர்ந்து வரும் என்று மகளிடம் தனியாகச் சொன்னார்.

தை மாதம் இருவரும் பெட்டியோடு கொழும்பு பஸ் ஏறினார்கள். தலவாக்கலை தாண்டியதும் மீனம்மாவின் தாடை பின்னுக்கு இழுத்தது. ஓரத்துத் தேயிலைச் செடிகள் பஸ் பக்கமாகச் சாய்ந்தன. மேட்டிலிருந்து மண் பொலபொலவென்று ரோட்டில் கொட்டியது.

"எறக்கி விட்டுரு ஆத்தா," என்றாள் வாயில் ரத்தத்தோடு. "மலையும் கூடவே வருது."

நடந்தே திரும்பினார்கள். மறுவருடம் அவளால் லிந்துலைக் கடைவீதி வரைக்கும்தான் போக முடிந்தது. அதற்கடுத்த வருடம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் வரை. 2008இல் அவர்கள் குடியிருந்த வரிசைவீடான லயத்தின் வாசலோடு சரி. தனுஷிகா கடை வேலையை விட்டுவிட்டு வந்து தாயின் கூடைக்குத் தலைகொடுத்தாள். ஒரு வருடம் முழுக்க அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

2009 ஆனியில் பதினோரு நாள் விடாத மழை. பக்கத்து மலைகள் இரண்டு இடத்தில் சரிந்தன. மீனம்மா சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தன. லயத்துக்கு மேலே மலை அசையவில்லை. பதினோராம் நாள், நனைந்து வந்த மகளைப் பார்த்து, "தலயத் தொவட்டுடி" என்றாள். அந்த இரண்டு சொல்லுக்குள் பின்பக்க மாட்டுத் தொழுவமும் அடுத்த வீட்டு அழகனின் இரண்டு பசுக்களும் பள்ளத்துக்குப் போய்விட்டன. தனுஷிகா ஓடிவந்து இரண்டு கையாலும் தாயின் வாயைப் பொத்திப் பிடித்தாள்.

அழகன் சண்டைக்கு வரவில்லை. தொழுவத்தை லயத்தின் மறுபக்கத்தில் கட்டிக்கொண்டான். தோட்டத்து ஆட்கள் மழைக்குமுன் அவளிடம் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறார்கள். மழை பெய்யும் நாட்களில் மீனம்மாவோடு யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.