பச்சை விளக்கு

"அக்கா, உன் மூக்கு ஒண்ணு போதாதா? வண்டிக்கும் ஒரு மூக்கு வைக்கணுமா?"

வேன் ஓட்டும் தம்பி சிரித்தான். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். அதற்குள் இருந்தது நகமளவு கறுப்புப் படலம். மின்சாரம் கடத்தும் பாலிமரை வேறொரு பிளாஸ்டிக்கோடு கலந்து அவளே வார்த்தது. மது ஆவி பட்டால் படலம் உப்பும், மின்தடை ஏறும், சிவப்பு விளக்கு எரியும், வண்டி கிளம்பாது; இல்லாவிட்டால் பச்சை. குடித்துவிட்டு ஓட்டாதே என்று தம்பியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகுதான் அவள் இந்த வேலையில் இறங்கினாள்.

"உழைக்கிற புள்ள, அலுப்புக்குக் கொஞ்சம் குடிக்கிறான். அவனைப் போய்த் திருடன் மாதிரி சோதிக்கிறியே" என்றாள் அம்மா. அந்த வீட்டில் 'கொஞ்சம்' என்ற சொல்லுக்கு அளவே கிடையாது.

கருவிக்கு முதலில் சுத்தமான காற்றைக் காட்டி, அதுதான் பூஜ்யம் என்று பதிய வைக்க வேண்டும். வண்டிக்குள் இருக்கப்போகும் கருவிதானே என்று, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அங்கேயே பதிய வைத்தாள். தம்பி பக்கத்துச் சீட்டில் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தான்.

மறுவாரம் அம்மாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனான். பச்சைதான் எரிந்தது. வளைவில் வேன் சுவரில் மோதியது. அம்மா பிழைக்கவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு அக்கா கருவியை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனாள். அங்கிருந்த சுத்தமான காற்றில் கருவி காட்டிய எண் பூஜ்யத்தில் நிற்காமல் அதற்கும் வெகு கீழே இறங்கியது. மறுபடி பார்த்தாள், அதேதான். படலத்தில் கோளாறு இல்லை. பூஜ்யத்தைப் பதிய வைத்த அன்று வேனுக்குள் நிறைந்திருந்தது தம்பியின் குடித்த மூச்சு. அதைத்தான் சுத்தமான காற்று என்று அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

வீட்டில், தலையில் கட்டோடு தம்பி முனகினான்: "பச்சைதான்க்கா எரிஞ்சுது. நான் நல்லாத்தான் இருக்கேன்னு நெனச்சேன்."

"கருவியைப் பொருத்துன அன்னைக்கே நீ குடிச்சிட்டுத்தான்டா உட்கார்ந்திருந்தே. பக்கத்துலயே இருந்தும் எனக்கு வாடை தெரியல. அவ்வளவு பழகிட்டேன். கொஞ்சம்தானே, கொஞ்சம்தானேன்னு சொல்லி, உன் குடியை நாங்களே பூஜ்யம்னு வச்சுட்டோம். வீடு பழகிக்கிட்ட தப்பை எந்த மெஷினும் காட்டிக்கொடுக்காது."

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"குடியை விடணும்க்கா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

இதைக் கருவி பொருத்திய அன்றே சொல்லியிருந்தால் அம்மா இருந்திருப்பாள்.