இரண்டு பேருக்கும் ஆகிற சீட்

புருஷன் நெட்டை, பெண்டாட்டி குட்டை. வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு மலைச் சைக்கிள். அதன் சீட் எப்போதும் அவன் உயரத்திலேயே நிற்கும். அவள் தையல்காரி. ஊரார் உடம்பையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்து தைப்பவள், தன் காலுக்கு எட்டாத சீட்டில் மட்டும் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். போன மாதம் குன்றுச் சரிவில் இறங்கும்போது சீட் பின்னாலிருந்து முட்டித் தள்ள, தலைகுப்புற விழுந்தாள். சுளுக்கிய மணிக்கட்டு சரியாகிவிட்டது, பயம்தான் போகவில்லை. அந்தச் சரிவில் மறுபடி இறங்காவிட்டால் சைக்கிளையே மறந்துவிட வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

அதற்காகத்தான் இருவரும் சைக்கிள் கடைக்கு வந்திருந்தார்கள். கைப்பிடியில் இருக்கும் விசையை அழுத்தினால், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தாழ்ந்து உயரும் சீட் கம்பி. நீளத்தில் ஒன்று, குட்டையில் ஒன்று மேஜைமேல் கிடந்தன.

"நீளமானதையே போடுங்க. ரெண்டு பேருக்கும் ஆகும்," என்றான் புருஷன், வாங்கியே முடித்தவன்போல.

மெக்கானிக் சொருகிப் பார்த்தான். சைக்கிளின் குழாய் உள்ளே வளைந்திருந்ததால் கம்பி முழுசாக இறங்காமல் நாலு விரற்கடை வெளியே நின்றது. "அண்ணே, இதை எவ்வளவு இறக்கினாலும் அக்காவுக்கு உயரம்தான்."

"அவ சமாளிச்சுப்பா."

அவளுக்குச் சுருக்கென்றது. "குட்டையை மாட்டுங்க தம்பி," என்றாள். "ஏங்க, நீங்க இதுல ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க."

சீட்டை முழுசாக உயர்த்தி, அவன் தெருமுனைவரை போனான். முட்டி இரண்டும் கைப்பிடியில் இடித்தன. திரும்பி வந்தபோது முகம் வியர்த்திருந்தது.

"இதுல மனுஷன் ஓட்டுவானா?"

"உங்க உயரத்துல நான் ஓட்டலையா? உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுதான் ஓட்டினேன். ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவன் குனிந்து பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். பிறகு மெக்கானிக்கிடம், "இதுவே இருக்கட்டும்," என்றான்.

மறுநாள் காலை, அவள் விழுந்த வளைவில் அவன் முன்னாடியே போய் நின்றுகொண்டான். விழுந்தால் பிடிக்கிறானாம். மேலே அவள் விசையை அழுத்த, சீட் தாழ்ந்தது. உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, பிரேக்கைத் தளர்த்தினாள். அவள் இறங்க இறங்க, பாதை நடுவே இரண்டு கையையும் விரித்தபடி நின்ற அவன் நெருங்கி வந்துகொண்டிருந்தான்.

"ஏங்க, வழி விடுங்க," என்றாள்.

அவன் விட்டான்.