படத்துக்கு அளவெடுத்தவள்

சுவருக்குச் சட்டை தைக்கச் சொல்லி ஆள் வந்தால் எந்தத் தையல்காரியும் முதலில் சிரித்துவிடுவாள். இவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான், எதிரே நின்ற மூன்று பேரில் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை என்பதைக் கவனித்தாள்.

வந்தவர்கள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுக்காரர்கள். தலைவர் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். பூட்டும் தாழ்ப்பாளும் விற்று விற்று, எது திறந்து கிடந்தாலும் சாத்தினால்தான் அவருக்கு நிம்மதி. எல்லோரும் அவரை ஹார்டுவேர் என்றே சொல்வார்கள். செயலாளர் ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும் சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு திரிபவர்; அவருக்குப் பென்ஷன் என்று பேர். மூன்றாவது டாக்டரம்மா. டாக்டருக்குப் படித்தது அவர் கணவர்தான், ஆனாலும் அக்கம்பக்கத்துக்கெல்லாம் மாத்திரை பேர் சொல்வது இவர்.

"பள்ளிக்கூட வராண்டாச் சுவர்ல ஒரு படம் இருக்கில்லம்மா, அதுக்கு மேல போட ஒரு துணி தைக்கணும்," என்றார் ஹார்டுவேர். "இன்னைக்குத் திங்கள். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதுக்குள்ள மாட்டிடணும்."

"எந்தப் படம் சார்?" தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"அதான்... அந்தக் குழந்தை... அந்த அம்மா வந்து..." பென்ஷன் மென்று முழுங்கினார்.

"பால் குடுக்குற படம்," என்று டாக்டரம்மா போட்டு உடைத்துவிட்டு, யாராவது கேட்டிருப்பார்களோ என்று கடை வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

யாரோ ஒரு பெற்றோர் அந்தப் படத்தைச் செல்போனில் பிடித்து, 'பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இதெல்லாம் தேவையா?' என்று எழுதி, பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாராம். பத்து வருஷமாக அந்தச் சுவரில் ஒரு தாயும் பிள்ளையும் மட்டுமே இருந்தார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு ஆளாளுக்கு வேறு என்னென்னவோ தெரிய ஆரம்பித்துவிட்டது.

தையல்காரி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். காரணம் இருந்தது. அந்தப் படத்தில் இருப்பவள் அவள்தான்.

பத்து வருஷத்துக்கு முன்னால், கைக்குழந்தையை இடுப்பிலும் சீருடை மூட்டையைத் தலையிலும் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். மாணவர்களுக்குச் சட்டைகளைப் போட்டுப் பார்க்கும்போதே பிள்ளை பசித்து அழுதது. வராண்டாவில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். ஓவிய ஆசிரியை எதிர்த் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உன்னை வரையட்டுமா?" என்று கேட்டார். "என் மூஞ்சியில என்ன டீச்சர் இருக்கு?" என்றாள் இவள். பெயின்ட் காய்ந்த பிறகு பார்த்தால், முகம் பாதிதான் தெரிந்தது. குனிந்து பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆசிரியை அடுத்த வருஷமே மாற்றலாகிப் போனார். படத்தில் இருப்பது யார் என்று இவளுக்கும் இவள் கணவனுக்கும் தவிர யாருக்கும் தெரியாமல் போயிற்று.

இப்போது அந்தப் பிள்ளை அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு.

"தைக்கலைன்னா?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

ஹார்டுவேர் கடையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். மேஜைமேல் கழுத்துப்பட்டிகள் அடுக்கியிருந்தன, காலடியில் நீலத் துணி வெட்டுகள் கிடந்தன. எல்லாம் பள்ளிக்கூடத்துச் சீருடைதான். "அதை ஏம்மா கேக்குற? சீருடை ஆர்டரும் குழுதானே குடுக்குது," என்றார், ரொம்பப் பாசமாக.

அவள் அளவு நோட்டை எடுத்தாள். கடையில் ஒரு சட்டம் உண்டு. முன்பு ஒருத்தர், "தம்பியும் என் உடம்புதான்" என்று தன் அளவைக் கொடுத்துத் தம்பிக்குச் சட்டை தைக்கச் சொன்னார். தைத்த சட்டைக்குள் தம்பி இரண்டு பேர் போகலாம் போலிருந்தது. பெரிய சண்டை. அன்றிலிருந்து, போட்டுக்கொள்கிறவர் நேரில் வர வேண்டும்; வரவில்லை என்றால் அளவு சொல்கிறவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

"வாங்க, வந்து எங்கே இருந்து எங்கே வரைக்கும்னு காட்டுங்க. காட்டாம வெட்ட மாட்டேன்," என்றாள். அதில் நியாயம் இருந்ததால் மூன்று பேரும் கிளம்பினார்கள்.

இடைவேளை மணி அடித்த நேரம் பார்த்துத்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்டூல்மேல் ஏறி டேப்பை விரித்தாள். "சொல்லுங்க சார்."

ஹார்டுவேர் பத்தடி தள்ளி நின்று ஸ்கூட்டர் சாவியால் காற்றில் ஏதோ வட்டம் போட்டார். "மேல இருந்து... கீழ வரைக்கும்."

"அங்கே நின்னு காட்டினா அளவு வராது சார். வந்து டேப் முனையைப் பிடிங்க."

அவர் வரவில்லை. பென்ஷனைப் பிடித்துத் தள்ளினார். பென்ஷன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி இரண்டு விரலால் டேப்பைப் பிடித்தார். கழுத்திலிருந்து இடுப்புவரை போதும் என்றார். இருபத்திரண்டு அங்குலம். "போதாது," என்றார் ஹார்டுவேர். "குழந்தை முகம் தெரிஞ்சா அது என்ன செய்யுதுன்னு தெரிஞ்சிடுமே. குழந்தையும் மறையணும், முழங்கால் வரைக்கும் விடு." முப்பத்தெட்டு அங்குலம். டாக்டரம்மாவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. "அசிங்கமா இருக்கும். அந்த இடத்துல மட்டும் ஒரு பூ மாதிரி தைச்சு ஒட்டிடேன். நாலுக்கு நாலு போதும்."

மூவரும் கால் மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். அதற்குள் நாற்பது பிள்ளைகள் கூடிவிட்டன. இத்தனை நாளும் கண்டுகொள்ளாமல் முன்னால் ஓடி விளையாடிய படத்தை இன்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. "என்ன ஆன்ட்டி பண்றீங்க?" என்று ஒரு வாண்டு கேட்டது. "வெயில் படுதில்ல, அதுக்குத் திரை," என்றார் டாக்டரம்மா. அந்தச் சுவரில் வெயில் பட்டதே கிடையாது.

கடைசியில் ஒத்து வராமல், ஆளுக்கொரு அளவாக எழுதி ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டார்கள். டேப் அந்த வரைந்த கழுத்தின்மேல் கிடந்தபோது தையல்காரிக்குத் தன் கழுத்தே கூசியது. பத்து வருஷத்தில் அந்தப் படத்தைப் பார்த்து அவள் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. இன்று பட்டாள். வெட்கத்தின் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது.

சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். அவன் பஸ் ஓட்டுகிறவன். வளைவில் எதிரே லாரி வந்தால் ஒதுங்கி வழிவிட்டே பழகியவன்.

"ஒரு துணிதானே. தைச்சுக் குடுத்துட்டுப் போயேன்," என்றான்.

"போன மாசம் இதே குழுக்காரங்க லைப்ரரியில ஆறு புத்தகத்தைக் கட்டி, விளையாட்டு ரூம்ல போட்டாங்க. அப்பவும் இதையேதான் சொன்னீங்க. ஆறு புத்தகம்தானேன்னு."

"நீயும்தான் பேசாம இருந்தே."

உண்மைதான். அந்த ஆறில் ஒன்று மகள் பாதிவரை படித்திருந்த புத்தகம். வீட்டில் சொல்லாமல் படகேறிப் போன ஒரு பெண்ணின் கதை. பிள்ளைகளைக் கெடுக்குமாம். படகு கரை சேர்ந்ததா என்று மகள் நாலு நாள் கேட்டாள். இவள், 'நமக்கெதுக்கு வம்பு' என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மகள் மேஜைக்கு அடியில் துணி வெட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, அந்தப் படத்துல இருக்கிறது யாரு?" என்று கேட்டாள்.

புருஷன் இவளைப் பார்த்தான், வேண்டாம் என்பது போல. அவள் சொல்லிவிட்டாள்.

"நானா? அவ்வளவு குண்டாவா இருந்தேன்?" மகளுக்கு ஒரே சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். "அப்போ என்னையும் சேர்த்து மூடப் போறாங்களா?"

"ஹார்டுவேர் சார் அளவுப்படி பார்த்தா, உன்னையும்தான்."

"ஏம்மா? நான் சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

பஸ்காரன் தலையைக் குனிந்துகொண்டான். தையல்காரி கத்தரிக்கோலை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அந்த வாரம் முழுக்கப் படத்துக்கான துணியை அவள் வெட்டவே இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வராண்டாவிலேயே நாற்காலி போட்டுக் கூட்டம் ஆரம்பித்தது. எண்பது பேர் இருப்பார்கள். தலைமையாசிரியை ஓரமாக உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைக் கட்டினபோதும் அவர் இப்படி ஓரமாகத்தான் இருந்தார். ஹார்டுவேர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பண்பாடு, ஒழுக்கம், பிஞ்சு மனசு என்று வரிசையாக அவிழ்த்துவிட்டார். முடிவாக, "அம்மா, துணியைக் கொண்டாங்க," என்றார்.

கழுத்தில் டேப்பும் கையில் அளவு நோட்டுமாக அவள் எழுந்து வந்தாள்; துணி இல்லை. நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"வெட்டலை சார். அளவு ஒத்து வரலை. எல்லாரும் கேட்டுச் சொல்லட்டும்," என்று சொல்லிப் படிக்க ஆரம்பித்தாள். "செயலாளர் சார் சொன்னது, கழுத்துல இருந்து இடுப்பு, இருபத்திரண்டு அங்குலம், கையெழுத்து இருக்கு. தலைவர் சார் சொன்னது, கழுத்துல இருந்து முழங்கால், முப்பத்தெட்டு அங்குலம், குழந்தையும் சேர்த்து, கையெழுத்து இருக்கு. டாக்டரம்மா சொன்னது, நாலுக்கு நாலு, பூ."

"பூவா?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான், சிரிப்பு வராண்டா முழுக்கப் பரவிவிட்டது. டாக்டரம்மா செல்போனைக் காதில் வைத்து, வராத அழைப்பை எடுத்தார். பென்ஷன் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

சிரிப்பில் தைரியம் வந்த ஓர் அப்பா எழுந்து, "அந்த ஆறு புத்தகத்துக்கு எந்த அளவு எடுத்தீங்க? யாராவது படிச்சீங்களா?" என்று கேட்டார். ஹார்டுவேர் பென்ஷனைப் பார்த்தார், பென்ஷன் தலைமையாசிரியையைப் பார்த்தார், தலைமையாசிரியை தரையைப் பார்த்தார். ஒருவரும் படிக்கவில்லை என்பது எண்பது பேருக்கும் விளங்கிவிட்டது.

ஹார்டுவேருக்கு முகம் சிவந்தது. "இந்த அளவு, அந்த அளவு எல்லாம் வேண்டாம்! சுவர் முழுக்க ஒரே துணியா மேல இருந்து கீழ வரைக்கும் தைச்சுப் போடு. முடியலைன்னா சொல்லு, சீருடை தைக்க வேற ஆள் இருக்கு."

இதைத்தான் அவள் நாலு நாளாக எதிர்பார்த்துப் பயந்தாள். ஜூன் மாதம் வந்தால் சமையலறையில் அடுப்பு எரிவது அந்தச் சீருடையால்தான். கடைசி வரிசையில் புருஷன் நிற்பது தெரிந்தது. அவன் பக்கம் பார்த்தால் தளர்ந்துவிடுவோம் என்று அவள் பார்க்கவில்லை.

"சரி சார், குடுத்துடுங்க," என்றாள். "ஆனா யார் தைச்சாலும், போட்டுக்கிறவங்களைக் கேக்காம எப்படித் தைப்பாங்க?"

"போட்டுக்கிறவங்களா? அது சுவரும்மா!"

"சுவருன்னா எதுக்கு சார் மூடுறீங்க? வெறும் சுவரைப் பார்த்து யாரு கெட்டுப் போனாங்க? பொம்பளைன்னுதானே மூடச் சொல்றீங்க. பொம்பளைன்னா அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

"எவ அவ? இருந்தா வரச் சொல்லு! வெட்கமில்லாம உக்காந்து படம் வரையக் குடுத்தவ எவன்னு நானும் பார்க்குறேன்!"

தையல்காரி நடந்துபோய்ப் படத்துக்குக் கீழே, பத்து வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். தலையைக் குனிந்தாள். சுவரில் இருந்த பாதி முகமும் கீழே இருந்த முகமும் ஒன்றாக இருப்பதைப் பார்க்க யாருக்கும் கண்ணாடி தேவைப்படவில்லை. யாரோ, "ஐயையோ," என்றார்கள். பென்ஷன் கையிலிருந்து பேனா மூடி விழுந்து உருண்டது.

"நான்தான் சார்," என்றாள். "பசிச்ச பிள்ளைக்குப் பால் குடுத்தேன். அதுல எனக்கு வெட்கம் இல்லை. திங்கக்கிழமை நீங்க மூணு பேரும் என் கழுத்தையும் இடுப்பையும் இத்தனை பிள்ளைங்க முன்னாடி அளந்தீங்க பாருங்க, அதுலதான் எனக்கு வெட்கம் வந்துச்சு."

ஹார்டுவேர் ஓர் அடி பின்னால் வைத்தார். "எனக்கு... தெரியாதும்மா," என்றார்.

"இப்பத் தெரியுமில்ல?"

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, உட்கார்ந்தபடியே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை அவர் பக்கம் நீட்டினாள்.

"ஆள் நேர்லயே இருக்கேன் சார். இந்தாங்க. எங்கே இருந்து எங்கே வரைக்கும் நான் மறையணும்னு என் முகத்தைப் பார்த்துக் காட்டுங்க."

எண்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹார்டுவேர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். டேப்பின் முனை காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் கடைசிவரை அதைப் பிடிக்கவில்லை.