புகுந்த வீட்டுக்குப் போன ஆறு

கல்யாணத்துக்கு மறுநாள் அவள் புகுந்த வீட்டுக்குக் கிளம்பினாள். ஆறும் கூடவே கிளம்பியது. பேருந்துக்குப் பக்கத்து வாய்க்காலில் அது ஓடி வந்ததை நடத்துநர் பார்த்தார். டிக்கெட் மட்டும் கேட்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் முதலில் பாயும் தலைமடை ஊரில்தான் அவள் பிறந்தாள், அங்கே இரண்டு போக விளைச்சலும் அரிசி ஆலையும் மாடி வீடுகளும் இருந்தன. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊரில் உப்பு ஏறி வெளுத்த மண்ணும், கூலிக்கு ஆள் ஏற்றிப் போகும் லாரியும் இருந்தன. கடைமடையில் பெண் கொடுப்பதைவிடப் பாழுங்கிணற்றில் தள்ளலாம், கிணற்றிலாவது என்றைக்காவது ஊறும் என்பார்கள். அப்படியும் ஆலைக்கார அண்ணன் தங்கையை அங்கேதான் கொடுத்தான். மாப்பிள்ளை சீர் எதுவும் கேட்கவில்லை, அதுவே அண்ணனுக்குப் பத்துப் பொருத்தம். அம்மா வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் இருக்கும் இடத்தில்தான் தண்ணீர் இருந்தது. தலைமடையில் மதகை முழுசாகத் தூக்கினாலும் ஆறு அந்த வயல்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடைமடைக்கு ஓடியது. அவள் சந்தைக்குப் போனால் சந்தைக்கு வெளியே தேங்கி நின்றது. பொறியாளர்கள் வந்து அளந்தார்கள், நிலத்தின் சாய்வு என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். கடைமடைக்காரர்கள் அவளுக்கு ஈரக்காலி என்று செல்லப் பெயர் வைத்தார்கள். லாரி காலியாகப் போனது, நில விலை ஏறியது. கணவன் நல்லவன், ஊர் சொன்னால் மறுத்துப் பேசத் தெரியாதவன்.

முதல் வருஷமே அண்ணன் ஆள் அனுப்பினான், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று. அவள் அடித்துப் பிடித்து ஓடினாள். அம்மா கல் மாதிரி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தன் வயல் குடித்து முடிக்கும்வரை ஏதேதோ சாக்குச் சொல்லித் தங்கையை நிறுத்தி வைத்தான். கடைமடையில் அப்போது கதிர் பால் பிடிக்கும் நேரம். தண்ணீர் இல்லாமல் அத்தனையும் பதராகப் போனது. திரும்பி வந்தவளை ஒருவரும் திட்டவில்லை. தெருமுனை வரை போனாலும் துணைக்கு ஓர் ஆளை மட்டும் கூட அனுப்பினார்கள். திட்டியிருந்தால் அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

மூன்றாம் வருஷம் அம்மா நிஜமாகவே படுத்தாள். தலைமடையிலிருந்து தவிடு விற்க வந்தவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். அவள் அப்போது பிள்ளை பெற்ற பச்சை உடம்பு. வயலில் மறுபடி பால் பிடிக்கும் பருவம். ஊர்ப் பெரியவர்கள் வாசலில் வந்து நின்று, கதிர் முற்றட்டும் அம்மா, அதுவரைக்கும் பொறுத்துக்கோ என்று கும்பிட்டார்கள். பெற்றவளை உயிரோடு ஒரு தடவை பார்க்க வேண்டும், அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பதரான அந்த வருஷத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் குழந்தையைத் தொட்டிலில் விட்டுத் துணி துவைக்கப் போனவள், வாய்க்கால் வறண்டு கிடப்பதைக் கண்டாள். வீட்டுக்குள் தொட்டிலுக்கு அடியில் தண்ணீர் முழங்கால் உயரத்துக்குச் சுற்றி நின்றது, மீன்கூட இருந்தது. செய்தி பரவியதும் ஊரே சிரித்த முகமாக வந்தது.

"இனி என்னம்மா, தாராளமா போய்ட்டு வா. பாப்பாவை நாங்க பாத்துக்கறோம்" என்றார் பெரியவர்.

தலைமடையில் அண்ணன் வாசலில் நின்றான். தங்கையைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் இருந்த வாய்க்காலைப் பார்த்தான். அதில் புழுதி பறந்தது. வா என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டான். அம்மாவுக்கு எழுந்திருக்க முடியவில்லை. கண் மட்டும் மகளின் நனைந்த ரவிக்கையில் நின்றது.

"குழந்தைய யார்கிட்ட விட்டுட்டு வந்தே?"

"ஊர்கிட்டம்மா."

"ஊருக்கு மாரில பால் இருக்கா?" என்றாள் அம்மா. பிறகு மெதுவாக, "அன்னைக்கு நான் வாய்மூடி உன்னைக் குடுத்துட்டேன். என்னைப் பாத்தாச்சில்ல, கெளம்பு" என்றாள். மகள் அவள் கையைப் பிடித்து அழுதுவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்தாள்.

கடைமடையில் தொட்டில் வீட்டில் இல்லை. காய்ந்த வயலின் வரப்பில் குடை பிடித்து வைத்திருந்தார்கள். அடுத்தது யார் வயல் என்று சச்சரவு நடந்துகொண்டிருந்தது. அழுது அழுது குழந்தைக்குக் குரலே போயிருந்தது. அவள் வரப்பிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தாள். கணவன் பின்னால் ஓடினான், ஆறும் ஓடியது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா இல்லை. வாய்க்கால் நிரம்புவதைப் பார்த்து அண்ணன் தேம்பித் தேம்பி அழுதான். அது அம்மாவுக்கா, தண்ணீருக்கா என்று யாரும் கேட்கவில்லை.

காரியம் முடிந்ததும், இனி எந்த ஊர் என்று அண்ணனும் கேட்டான், கணவனும் கேட்டான்.

"இவ நடக்கப் பழகட்டும். இவ போற பக்கம் போவோம்" என்றாள்.

இரண்டு ஊருக்கும் நடுவில் ஓர் ஓட்டு வீட்டில் இருக்கிறார்கள். அந்தப் பெண் குழந்தை இப்போது ஓடுகிறாள். கோழியைத் துரத்தி அவள் எந்தப் பக்கம் போகிறாளோ அந்தப் பக்கம் நடவு நடக்கிறது. மற்றவர்கள் லாரி ஏறுகிறார்கள்.