கார்ஸ்பி வம்சத்தின் தலைமைக் கிளை

கார்ஸ்பி என்ற குடும்பப் பெயர் ஆயிரம் வருஷத்துக்கு முன் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் படையோடு கப்பலில் வந்து இறங்கியது என்று டெஸ்மண்ட் கார்ஸ்பி இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வம்சத்தின் மூத்தவர் ஒரு வீரர். அவருக்கு ஒரு குதிரை. குதிரையின் வம்சாவளி மட்டும்தான் இன்னும் கைக்கு வரவில்லை. மனிதர்களின் வம்சாவளி கதவு அகலத்துக்கு மரமாக வரையப்பட்டு, அவர் நடத்தும் கார்ஸ்பி சங்கத்தின் கூட்டத்துக்காகக் கார்ஸ்பி கிராமத்துப் பொதுக்கூடத்தில் ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் வருஷா வருஷம் தொங்கும். பக்கத்தில் இங்கிலாந்து வரைபடம். லீட்ஸ், டான்காஸ்டர், ஹல் என்று கார்ஸ்பிகள் இருக்கும் ஊரிலெல்லாம் சிவப்பு ஊசி. மேலே ‘வீரம் பரவிய வழி’ என்று கொட்டை எழுத்து.

அந்த வீரத்தில் ஒரு துளி, மார்ச் மாதம் பெரில் வீட்டு வாசலில் கடிதமாக வந்து விழுந்தது.

பெரில் ஹல் துறைமுகத்துக்காரி, எழுபத்தைந்து வயது, கென் கார்ஸ்பியின் விதவை. சங்கக் கூட்டத்துக்குத் தேநீர் போடுவது அவள் பொறுப்பு. டெஸ்மண்ட் சங்கத்து ஆண்கள் நாற்பது பேரிடம் எச்சில் வாங்கி, தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் அடையாளத்தைப் பார்க்கிற மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். அவள் மகன் மார்ட்டினும் துப்பினான். டெஸ்மண்டின் கடிதம் சொன்னது: ‘மார்ட்டினின் தகப்பன் வழி, தலைமைக் கிளையோடு ஒத்துப்போகவில்லை. இதை வெளியே சொல்லத் தேவையில்லை என்று கருதுகிறேன்.’

மார்ட்டினிலிருந்து வீரர் பக்கம் ஏறிப் போனால் மரத்தில் ஆறு அம்மாக்கள் வருவார்கள், அதற்கப்புறம்தான் டெஸ்மண்டின் கிளை. அவர்களில் யார் தவறியிருந்தாலும் இதே முடிவுதான்; ஐந்து பேர் கல்லறையில். சந்தேகப்பட வசதியாக உயிரோடு மிச்சமிருந்தது பெரில். போதாததற்குக் கென் மீன்பிடிக் கப்பல்காரன். மூன்று வாரம் கடல், மூன்று நாள் கரை. மிச்சத்தை ஊரே நிரப்பிக்கொள்ளும்.

மார்ட்டின் ஐம்பது தாண்டிய பஸ் ஓட்டுநர். கடிதத்தைப் படித்தான், மடித்து உறைக்குள் வைத்தான். பல நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வறுத்த மாட்டிறைச்சியின் மேல் குழம்பை ஊற்றியபடி, தட்டைப் பார்த்தே கேட்டான்.

“அப்பா கடலுக்குப் போயிருந்தப்ப நம்ம வீட்டுல யாராவது தங்கியிருந்தாங்களாம்மா?”

“உங்க அத்தை இருந்தா. அவளுக்கு மீசை உண்டுதான், அதுக்காகக் கேக்கறியா?”

அவன் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு வேலை வந்துகொண்டே இருந்தது. இன்று, ஜூலைச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு, அவளைக் காரில் அழைத்து வந்தவன் வழி முழுக்க வானிலையைப் பற்றியே பேசினான். எங்கள் வட இங்கிலாந்துப் பக்கம் வானிலை என்பது அந்நியரிடம் பேசுவது; பெற்ற தாயிடம் அதைப் பேசுகிற பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டவன் என்று அர்த்தம்.

கென்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது பெரிலுக்குத் தெரியும். ஆகவே அவளுடைய சந்தேகம் டெஸ்மண்ட் மேல் திரும்பியது. ரகசியம் காக்கிற ஜாதி இல்லை அவர். போன வருஷம் ஓர் உறுப்பினருக்கு மூல நோய்க்கு அறுவை செய்ததையே ஒலிபெருக்கியில் அறிவித்துப் பூங்கொத்து கொடுத்தவர். அப்படிப்பட்டவர் ‘வெளியே சொல்லத் தேவையில்லை’ என்று எழுதினால், மூடப்படுவது யாருடைய மானம்?

பதினோரு மணிக்குத் தேநீர் வரிசை. முதலில் நின்றவர் லீட்ஸிலிருந்து வந்த கிளிஃபோர்ட், ஓய்வு பெற்ற தபால்காரர். வரிசையில் நிற்பவரிடம் பால் வேண்டுமா, சர்க்கரை வேண்டுமா என்ற இரண்டுக்கு மேல் கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. பெரில் மூன்றாவதைக் கேட்டாள்.

“உங்க எச்சில் ஒத்துப்போச்சா, கிளிஃபோர்ட்?”

அவர் கையிலிருந்த பிஸ்கட் தேநீரில் விழுந்தது. இரண்டு பக்கமும் பார்த்தார்.

“மெதுவாப் பேசுங்க. இல்ல. எங்க பாட்டி வீடு ராணுவ முகாமுக்குப் பக்கத்துல... எங்க குடும்பத்துக்கு மட்டும் இப்படி ஆயிடுச்சு. டெஸ்மண்ட் ரொம்ப நாசூக்கா எழுதியிருந்தார்.”

டான்காஸ்டர்காரருக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் ஒரு பால்காரனைச் சந்தேகித்தார். அடுத்தவர் ஒரு பாதிரியாரை. பெரில் பதினான்கு பேரைக் கேட்டாள், ஒருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பதினான்கு பேரும் தத்தம் குடும்பத்தில் செத்துப்போன ஒரு பெண்ணைத் தனித்தனியாகச் சந்தேகித்து, தனித்தனியாக மூடிவைத்து, ஒரே மாதிரி சங்கத்து டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

பால் குடுவையோடு வந்த வினிஃப்ரெட் இதைக் கேட்டுவிட்டாள். அந்த ஊர்த் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்பவள், கார்ஸ்பி அல்ல.

“ஒத்துப்போனாத்தான் ஆச்சரியம். இங்க கார்ஸ்பின்னு ஒரு குடும்பமே இருந்ததில்லையே.”

“அப்ப நாங்கல்லாம் யாரு?”

“வாங்க காட்டறேன்.”

தேவாலயத்து அலமாரியில் ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் இருந்தது. ‘தேவாலய முகப்பில் கிடந்த ஆண் குழந்தை. ஜேக்கப் கார்ஸ்பி எனப் பெயரிடப்பட்டது.’ நாலு வரி தள்ளி இன்னொன்று. பக்கத்துக்கு மூன்று, நான்கு.

“அந்தக் காலத்துல வடக்கே போற பயணிங்க கோச்சு வண்டி இங்கதான் குதிரை மாத்தும்,” என்றாள் வினிஃப்ரெட். “சிலபேர் இறங்கி, குழந்தைய முகப்புல வச்சுட்டு, மறுபடி ஏறிடுவாங்க. பேர் தெரியாத பிள்ளைக்கு ஊர்ப் பேர். ஏழெட்டு வயசுல லீட்ஸ், ஹல்னு வெளியூருக்குத் தொழில் பழக அனுப்பிடுவாங்க. எந்த ஊர்ல பழகறானோ, அவன் நொடிச்சுப்போனா அந்த ஊர்தான் அப்புறம் சோறு போடணும், அப்ப அதான் சட்டம். ஒருத்தனையும் இங்க வச்சுக்கல.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கலையே கண்ணு. டெஸ்மண்டுக்குத் தெரியும், நாலு வருஷம் முன்னாடியே நகல் எடுத்துட்டுப் போனார். அன்னியிலேர்ந்து தேவாலயக் கூரைக்கு அவர் தர்ற நன்கொடை கூடிடுச்சு.”

பெரில் பதிவேட்டுத் தாளோடு கூடத்துக்குத் திரும்பியபோது டெஸ்மண்ட் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டெஸ்மண்ட், உங்களோட ஒத்துப்போனவங்க எத்தனை பேர்?”

“அது விஞ்ஞான விஷயம், பெரில். கொஞ்சம் சிக்கலானது.”

“எண்ணிக்கைல என்ன சிக்கல்? தலைமைக் கிளைல யார் யார் இருக்கீங்க?”

“தலைமைக் கிளைங்கறது ஒப்பிடறதுக்கான ஒரு புள்ளி மாதிரி...”

“அந்தப் புள்ளி யாரு?”

“நான்.”

ஒலிபெருக்கி அந்தச் சொல்லைக் கடைசி நாற்காலி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. பெரில் ஒலிவாங்கி முன்னாலேயே நின்று பதிவேட்டை வாசித்தாள். முகப்பு, முகப்பு, முகப்பு. நாற்பது ஆண்கள் ஒருவரையொருவர் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டார்கள். கிளிஃபோர்ட் மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: “நான் எங்க பாட்டி படத்தைக் கழட்டி வச்சிருக்கேன்.”

சான்றுகளைப் பரிசீலிக்க ஒரு குழு அமைக்கலாம் என்றார் டெஸ்மண்ட். தலைவர் பொறுப்பைத் தாமே ஏற்கவும் தயார் என்றார்.

பெரில் சமையலறைக்குப் போய்க் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள். சற்று நேரத்தில் மார்ட்டின் வந்து துண்டை எடுத்தான்.

“அப்ப அந்தக் கடுதாசி ஒண்ணையும் நிரூபிக்கல.”

“இல்ல. பதிவேடும் நிரூபிக்கல. உங்கப்பா கடல்லயே போயாச்சு, எச்சில் எடுக்க முடியாது. மிச்சம் இருக்கறது என் வாய்தான்.”

“நீ ஒண்ணும் சொல்லலியேம்மா.”

“நீ எங்க கேட்டே? யார் தங்கியிருந்தாங்கன்னுதானே கேட்டே?”

அவன் ஒரு கோப்பையைத் துடைத்தான். காய்ந்த பிறகும் துடைத்தான்.

“நான் அப்பாவோட பிள்ளைதானாம்மா?”

“ஆமாடா.”

மார்ட்டின் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலில் எத்தனை பங்கு நம்பிக்கை, எத்தனை பங்கு மரியாதை என்று பெரில் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பிடிபடவில்லை. ஈரக் கோப்பை ஒன்றை அவனிடம் நீட்டினாள், அவன் வாங்கிக்கொண்டான்.